ஒன்றாம் நம்பர் டோக்கன்

அரைக்கிணத்துப்பட்டியில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதற்குச் சுவர் கிடையாது, கூரை கிடையாது, கதவும் ஜன்னலும் கிடையாது, வாத்தியார் கிடையாது, மணி கிடையாது. திறப்பு விழாக் கல்வெட்டு மட்டும் உண்டு. ஊருக்கு மேற்கே முள்ளுக்காட்டுக்குள், கறுப்புப் பளிங்கில் தங்க எழுத்தில், ஊராட்சி மன்றத் தலைவர் திரு. கொம்பையா அவர்களின் பெருமுயற்சியால் இப்பள்ளிக் கட்டடம் கட்டி முடிக்கப்பட்டது என்று தேதியோடு சொல்லிக்கொண்டு அந்தக் கல் ஒத்தையாய் நின்றது. ஆடுகள் அதில் முதுகு சொறிந்துகொள்ளும். ஆறு வருடத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தால் பயனடைந்த ஜீவன்கள் அவைதான்.

இதில் எங்களுக்குப் பெரிய வருத்தம் இருந்தது என்று சொன்னால் பொய். ஊர்ப் பெயரிலேயே எங்கள் தலையெழுத்து இருக்கிறது. எந்தக் காலத்திலோ எந்த ராசாவோ எங்களுக்குப் பாதிக் கிணறு வெட்டிக் கொடுத்துவிட்டு சண்டைக்குப் போனார், போனவர் திரும்பவில்லை, கிணறும் அதற்குமேல் இறங்கவில்லை. அன்றிலிருந்து இந்த ஊருக்கு வருகிற எதுவும் பாதி வழியிலேயே களைத்துப்போய் உட்கார்ந்துவிடும், தார்ச்சாலை ஓடைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும், தண்ணீர்த் தொட்டி வந்தால் குழாய் வராது, குழாய் வந்தால் தண்ணீர் வராது. ஆகையால் கல்வெட்டு வந்து பள்ளிக்கூடம் வராததை நாங்கள் ஊர் வழக்கம் என்றே எடுத்துக்கொண்டோம். பிள்ளைகள் நாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற சிங்கிலிமேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நான்குவழிச் சாலையைக் குறுக்கே கடந்து ஓடினார்கள். ஓட்டுப் போடும் நாளில் நாங்களும் அதே சாலையைக் கடந்து அதே சிங்கிலிமேட்டுக்கு ஓடினோம், நாங்கள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, அவர்கள் தினமும் இரண்டு முறை.

அப்படி ஓடியதில் பேச்சிக்கனியின் மகள் தங்கமலரை ஒரு கார் அடித்துப் போட்டுவிட்டுப் போயிற்று. ஏழாம் வகுப்பு படிக்கிற பிள்ளை, தொடையில் கம்பி வைத்து, எட்டு மாதம் படுக்கையில் கிடந்து எழுந்தாள்; தெருவில் நடப்பாள், கடைக்குப் போவாள், நாலு கிலோமீட்டர் நடக்கமாட்டாள், அந்தச் சாலையின் சத்தம் கேட்டாலே உட்கார்ந்துவிடுவாள். பேச்சிக்கனி தீப்பெட்டி ஆபீசில் தீக்குச்சியைச் சட்டத்தில் கோத்துக் கட்டை அடுக்குகிறவள். புருசன் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கிறான், தீபாவளிக்குத் தீபாவளி முகம் காட்டுவான். பிள்ளை வீட்டில் இருப்பது தெரிந்ததும் ஆபீஸ் கணக்குப்பிள்ளை, “சும்மாதான இருக்கா, கூட்டிட்டு வாயேன், ஒக்காந்து செய்யுத வேலைதான” என்று நைசாக ஆரம்பித்தான். பேச்சிக்கனி அன்றைக்கு அவனை என்ன சொல்லித் திட்டினாள் என்பதை எழுத முடியாது. ஆனால் வீட்டுக்கு வந்து, இன்னும் எத்தனை நாள் இப்படித் திட்டித் தள்ளிப்போட முடியும் என்று நினைத்து அழுதாள். மகள் விரலில் தீக்குச்சி மருந்து படக்கூடாது, அது ஒன்றுதான் அவள் ஆசை.

இந்த நிலைமையில் சட்டமன்றத் தேர்தல் வந்தது. உரல் சின்னத்தில் நின்றவர் யாரென்றால் சாட்சாத் அதே கொம்பையா. ஊராட்சித் தலைவராக இருந்து ஊரைச் சாப்பிட்டு முடித்துவிட்டதால் தொகுதியைச் சாப்பிட வருகிறார் என்று பேசிக்கொண்டோம். எதிர்த்து சீப்புச் சின்னத்தில் ஒரு வக்கீல் நின்றார், அவரைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது, கொம்பையா இல்லை என்பதே அவருக்குப் போதுமான தகுதியாக இருந்தது. பேச்சிக்கனி சீப்பில் ஒரே குத்தாகக் குத்துவேன் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

தேர்தலுக்கு ஐந்து நாள் முன்பு பூத் சிலிப் வந்தது. இனிமேல் சிங்கிலிமேடு கிடையாதாம், வாக்காளர்களை அவ்வளவு தூரம் நடக்கவிடக்கூடாதாம், புதிதாக ஒரு வாக்குச்சாவடி ஒதுக்கியிருக்கிறார்களாம். ஒவ்வொரு சிலிப்பிலும் அச்சடித்திருந்தது: ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, புதிய கட்டடம், வடக்குப் பார்த்த கிழக்குப் பகுதி, அரைக்கிணத்துப்பட்டி. எங்கேயோ ஒரு பெரிய ஆபீசில் யாரோ ஒரு நல்ல மனிதர் ஊர்க் கட்டடங்களின் பட்டியலை எடுத்து, கட்டி முடித்ததாக எழுதியிருந்ததை நம்பிவிட்டார். நம்புவது ஒரு குற்றமா? சீப்புக் கட்சியின் பூத் ஏஜென்ட் வெயிலுமுத்து மட்டும் சிலிப் கொடுக்க வந்தவரிடம், “முள்ளுக்குள்ள போயி ஓட்டுப் போடணும்னா அருவா எடுத்துட்டு வரலாமா சார், அன்னைக்கு ஆயுதத்துக்குத் தடையின்னு சொல்லுதாகளே” என்று விவரமாகக் கேட்டான். அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

தேர்தல் நாள் விடியற்காலையில் அதே வெயிலுமுத்து சொம்பை எடுத்துக்கொண்டு மேற்கே முள்ளுக்காட்டுக்குப் போனான். வழக்கமாக அவன் உட்காருகிற இடத்தில் பள்ளிக்கூடம் இருந்தது.

நீளமாய், ரோஸ் கலரில், ஆறு அறையோடு, சாய்வு நடைபாதையோடு, நெற்றியில் ஊர்ப் பெயரோடு, புதுச் சுண்ணாம்பு வாசம் அடித்துக்கொண்டு கட்டடம் நின்றது. வாசலில் போலீஸ்காரர் ஒருவர் பல் விளக்கிக்கொண்டிருந்தார். முந்தின நாள் பொழுதடைகிற நேரத்தில் ஓட்டுப் பொட்டியோடு வேனில் வந்தவர்கள் பட்டியலைப் பார்த்து நேராகக் கட்டடத்துக்குள் போய்ப் பாயை விரித்துவிட்டார்கள். இங்கே கட்டடம் இல்லை என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

“இங்க இருந்த முள்ளுக்காடு எங்க சார்?” என்றான் வெயிலுமுத்து.

போலீஸ்காரர் சொம்பைப் பார்த்தார். “கக்கூஸ் உள்ள இருக்கு, போ” என்றார்.

அவன் போனான். அரைக்கிணத்துப்பட்டிப் பள்ளிக்கூடத்தை முதன்முதலில் உபயோகித்த மனிதன் என்று அவன் பெயரைத்தான் இன்னொரு கல்லில் வெட்ட வேண்டும்.

ஏழு மணிக்குள் ஊரே வந்துவிட்டது. யாரும் வாயைப் பிளக்கவில்லை. அரசாங்கத்துக் காரியம் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும், பஸ்ஸே மூன்று மணி நேரம் தாமதமாக வரும்போது பள்ளிக்கூடம் ஆறு வருடம் தாமதமாக வந்ததில் என்ன அதிசயம் என்றார்கள். வந்த கட்டடம், கட்டாத கட்டடத்துக்குக் கொம்பையா எழுதிக் காசு வாங்கிய பில்லை வரி பிசகாமல் அனுசரித்து வந்திருந்ததுதான் பார்க்க வேடிக்கையாக இருந்தது. ஆறு அறைக்கு நாற்பத்தெட்டு மின்விசிறி என்று அவர் எழுதியிருந்ததால் அறைக்கு எட்டு விசிறி, ஒன்றோடொன்று இறக்கை உரசாமல் சுற்றின. மூன்று தடவை பெயின்ட் அடித்ததாக எழுதியிருந்ததால் ரோஸுக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் மஞ்சள். கக்கூசில் பத்தொன்பது வாளி. படிக்கட்டு என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்ததால் இரண்டு படிக்கட்டு. மாடி என்று ஓரிடத்திலும் எழுத மறந்துவிட்டதால் இரண்டும் ஏறிப்போய் வெறும் வானத்தில் முடிந்தன. பெண்கள் ஏறி நின்று ஊரைப் பார்த்துவிட்டு இறங்கினார்கள்.

எட்டு மணிக்குக் கொம்பையா காரில் வந்தார். வந்தவர் கட்டடத்தைக் கண்டதும் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். கொலை செய்தவனுக்கு முன்னால் செத்தவன் வந்து நின்றால் எப்படியிருக்கும், அவருக்கு அப்படி இருந்தது. சோடா உடைத்துக் கொடுத்தார்கள், குடித்தார், முகத்தைத் துடைத்தார், ஒரு சுற்று சுற்றி வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். ஒன்பது மணிக்கு லேசாகச் சிரித்தார். பத்து மணிக்கு வரிசையைப் பார்த்து, “கட்டலை கட்டலைன்னு சொன்னியளே, இப்ப கண்ணால பாத்தியளா” என்று கும்பிட ஆரம்பித்துவிட்டார்.

பேச்சிக்கனி மகளையும் கூட்டி வந்திருந்தாள். வீட்டிலிருந்து முன்னூறு அடிதான், தங்கமலர் ஓரிடத்திலும் நிற்காமல் தானே நடந்து வந்தாள். வந்தவள் பூத்துக்கு அடுத்த அறைக்குள் எட்டிப் பார்த்தாள், உள்ளே போனாள், முதல் பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்து விட்ட இடத்தில் பிரித்துக்கொண்டாள். பேச்சிக்கனி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டாள். “ஓட்டுப் போடலையாக்கா?” என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் கேட்டார்கள். “போடணும், போடணும்” என்றாள், நகரவில்லை.

மத்தியானம் வெயிலுமுத்துதான் சங்கதியைக் கண்டுபிடித்தான். உள்ளே ஏஜென்டாக உட்கார்ந்து ஓட்டுப் போட்டவர் பெயரையெல்லாம் பட்டியலில் டிக் அடித்துக்கொண்டிருந்தவன், சாப்பிட்டுவிட்டு மறுபடி கக்கூசுக்குப் போனால், கக்கூசைக் காணோம். கடைசி அறையைக் காணோம், அதற்கு முந்தின அறையையும் காணோம், இருந்த இடத்தில் பழைய கருவேல முள் பழையபடி நின்றது. பட்டியலை எண்ணினான்: இருநூற்றுப் பன்னிரண்டு. வெகு நேரம் வெளியே நின்று, வருகிறவர்களை எண்ணிப் பார்த்தான். முன்னூறாவது ஆளாக அவன் சொந்தச் சித்தப்பா மை வைத்த விரலோடு வெளியே வரவும் மூன்றாவது அறை, சத்தம் எதுவும் இல்லாமல், அடுப்பில் வைத்த பால் சுண்டுவதுபோலச் சுண்டிப் போய்விட்டது.

“நூறு ஓட்டுக்கு ஒரு ரூமு போகுது” என்று வந்து சொன்னான்.

இதற்கும் யாரும் பதறவில்லை. ஓட்டுக்காக வந்தது ஓட்டோடு போகும், இதிலென்ன புதுமை என்றார்கள். தலைவர்கள் அப்படித்தான் போகிறார்கள், தண்ணீர் லாரி அப்படித்தான் போகிறது, கும்பிட்ட கை அப்படித்தான் போகிறது. கல்யாணம் முடிந்தால் பந்தலைப் பிரிக்காமல் என்ன செய்வார்கள். இப்படி நியாயம் பேசிக்கொண்டே நாங்கள் வரிசையாகப் போய்க் குத்திவிட்டு வந்தோம். நானும்தான் குத்தினேன். என் கணக்கில் ஒரு ஜன்னல் கம்பியாவது போயிருக்கும்.

நாலு மணி வாக்கில் ஐந்நூறாவது ஓட்டு விழுந்தது. விழுந்ததும், தங்கமலர் முள்ளுக்காட்டுக்கு நடுவே வெறும் தரையில் மடியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். பெஞ்சு இல்லை, விசிறி இல்லை, பேச்சிக்கனி பிடித்துக்கொண்டிருந்த ஜன்னல் கம்பி இல்லை, அவள் கை அந்தரத்தில் மூடியபடி இருந்தது.

“அம்மா, பெஞ்சு போயிருச்சு” என்றாள் தங்கமலர். ஏதோ தான் செய்த தப்பு மாதிரி சொன்னாள்.

பேச்சிக்கனி மகளைத் தூக்கி நிறுத்தி, பாவாடையில் ஒட்டிய முள்ளைத் தட்டிவிட்டாள். மிச்சம் இருந்தது ஓர் அறை, பொட்டி இருக்கிற அறை. பிறகு அவள் தெருத் தெருவாக ஓடி இன்னும் ஓட்டுப் போடாதவர்களைத் தேடினாள், அவர்கள் காலைப் பிடித்தாள், போடாதிய, போடாதிய என்றாள். யார் கேட்டார்கள்? ஓட்டுப் போடாவிட்டால் செத்துப்போனவன் என்று பெயரை எடுத்துவிடுவார்கள் என்ற பயம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் உண்டு. கடைசியில் அவளே வந்து வரிசையின் வாலில் நின்றாள்.

ஆறு மணி அடித்தது. வாக்குச்சாவடிக்குத் தலைமை அலுவலராக வந்திருந்தவர் ஞானசிகாமணி சார், வேறு மாவட்டத்தில் உயர்நிலைப் பள்ளிக் கணக்கு வாத்தியார், பொட்டியை ஒப்படைத்துவிட்டு ஊர் போய்ச் சேர வேண்டும் என்பதைத் தவிர உலகத்தில் வேறு ஆசை இல்லாதவர். அவர் சட்டப்படி வெளியே வந்து, வரிசையில் நின்ற ஒன்பது பேருக்கு டோக்கன் கொடுத்தார். ஆறு மணிக்கு வரிசையில் நிற்கிறவர் எத்தனை பேரானாலும் அவர்கள் ஓட்டுப் போட்டு முடிகிறவரை வாக்குப்பதிவு முடியாது. புதிதாக யாரும் வாலில் வந்து ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக டோக்கனை வாலிலிருந்துதான் கொடுத்து வருவார்கள். அதனால் பேச்சிக்கனிக்கு ஒன்றாம் நம்பர் கிடைத்தது. எங்கள் ஊரில் கடைசியில் நின்றவருக்கு முதல் நம்பர் கிடைத்தது அன்றைக்குத்தான்.

எட்டுப் பேரும் போய்க் குத்திவிட்டு வந்தார்கள், வெயிலுமுத்துவின் பட்டியலில் ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது டிக் ஆயிற்று. வாசலுக்கு எட்டடி தூரத்தில் பேச்சிக்கனி நின்றாள்.

“வாங்கம்மா, நீங்கதான் கடைசி” என்றார் சார்.

“வாரேன் சார்.”

“சீக்கிரம் வாங்க.”

“வாரேன்.”

அரை மணி நேரம் ஆயிற்று. சார் வாட்சைப் பார்த்தார். “வாக்களிக்க இஷ்டமில்லைன்னா சொல்லிடுங்க, மறுத்துட்டாங்கன்னு எழுதி முடிச்சுடறேன்.”

“நான் ஏன் சார் மறுக்கேன்? சீப்புல குத்தணும்னு ஒரு மாசமா கை துடிச்சிட்டுக் கெடக்கு.”

“யாருக்குன்னு சொல்லக் கூடாதும்மா.”

“சொல்லல சார். வரிசையில நிக்கேன், மெதுவா வாரேன்.”

ஞானசிகாமணி சார் கையேட்டை எடுத்தார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படித்தார். குடித்துவிட்டு வந்தால் என்ன செய்வது, விரல் இல்லாதவருக்கு எங்கே மை வைப்பது, பொட்டி கெட்டுப்போனால் யாரைக் கூப்பிடுவது, எல்லாம் அதில் இருந்தது. வரிசையில் நிற்கிறவர் எட்டடி நடக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளலாம் என்று மட்டும் இல்லை. பேச்சிக்கனிக்குப் பின்னால் நின்று அவசரப்படுத்தவும் ஆள் இல்லை. சுவரில் கை வைத்துப் பார்த்தோம், சுவர் திடமாக இருந்தது. அன்று ராத்திரி முழுக்க அவள் நின்றாள், வெளியில் போலீஸ்காரர் தூங்கினார், உள்ளே தங்கமலர் பெஞ்சில் படுத்துத் தூங்கினாள்.

மறுநாள் மத்தியானம் அவளுக்கு ஒதுங்க வேண்டியதாயிற்று. பத்தொன்பது வாளியோடு கக்கூஸ் போய்ச் சேர்ந்துவிட்டதால் முள்ளுக்காட்டுக்குத்தான் போக வேண்டும், போனால் வரிசையை விட்டதாக ஆகிவிடும், ஊரே கூடி யோசித்தது. எங்கள் ஊரில் ரேஷன் கடை வரிசையில் யாரும் ஆளாக நிற்பது கிடையாது. விடிகாலையில் போய் ஒரு கல்லை வைத்து அதன்மேல் பையை வைத்துவிட்டால் அது ஆள் நிற்பதற்குச் சமம். கல்லைத் தாண்டிப் போனவன் ஊரில் குடியிருக்க முடியாது. புருசன் பெண்டாட்டி சண்டையில்கூட ஒருவர் கல்லை ஒருவர் நகர்த்தியது இல்லை. பேச்சிக்கனி ஒரு கல்லைத் தூக்கி வந்து, தான் நின்ற இடத்தில் வைத்து, அதன்மேல் ரேஷன் பையை வைத்து, பைக்குள் டோக்கனைப் போட்டாள். எல்லோரும் சுவரைப் பார்த்தோம். அவள் ஓர் அடி நகர்ந்தாள், இரண்டடி நகர்ந்தாள், ஓடினாள். சுவர் அசையவில்லை.

“இதெல்லாம் செல்லாது” என்றார் ஞானசிகாமணி சார்.

“கட்டடமே ஒத்துக்கிடுச்சு சார், ஒங்களுக்கு என்ன?” என்றான் வெயிலுமுத்து.

சார் கையேட்டை மறுபடி பிரித்தார். எங்கள் பக்கத்து வழக்கத்தில் வளர்ந்த கட்டடம், எங்கள் பக்கத்து வழக்கம் அதற்குத் தெரியாமலா இருக்கும்.

மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு, பெஞ்சு இருக்கிறது என்று கேள்விப்பட்டு ஊர்ப் பிள்ளைகள் முப்பத்தோரு பேரும் சிங்கிலிமேட்டுக்குப் போகாமல் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சார் மூலையில் பொட்டிக்குப் பக்கத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தங்கமலர் கரும்பலகையில் ஒரு வகுத்தல் கணக்குப் போட்டாள், மூன்றாவது வரியில் தப்புப் போட்டாள். சார் பார்த்தார், வேறு பக்கம் திரும்பினார், மறுபடி பார்த்தார். வாத்தியார் கண்ணுக்கு எதிரே தப்புக் கணக்கு நிற்பது என்பது தாய்க்காரி கண்ணுக்கு எதிரே பிள்ளை மூக்கு ஒழுகி நிற்பது மாதிரி, எவ்வளவு நேரம்தான் சும்மா இருக்க முடியும். எழுந்து வந்து சாக்பீசை வாங்கிக்கொண்டார். அத்தோடு எங்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரும் இருந்தார்.

அவர் போகவும் முடியாது. வாக்குப்பதிவு முடியும்வரை பணியிடத்தை விட்டு நகரக் கூடாது என்பது அவருக்குக் கொடுத்த உத்தரவு. கூட வந்த அலுவலர்கள் காய்ச்சல், கல்யாணம், கருமாதி என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள், சார் உத்தரவை மீறத் தெரியாதவர். அவர் மனைவி பஸ் ஏறி வந்து, ஊரையும் உத்தரவையும் சேர்த்துத் திட்டிவிட்டுப் போனார்; அடுத்த தடவை வந்தபோது குக்கரோடும் இரண்டு மூட்டைத் துணியோடும் வந்தார், அவ்வளவுதான்.

வெளியே உலகம் சும்மா இருக்கவில்லை. மற்ற ஊர் ஓட்டையெல்லாம் எண்ணிப் பார்த்ததில் கொம்பையா வக்கீலைவிட இருநூற்றுப் பத்து ஓட்டு அதிகம் வாங்கியிருந்தார். எங்கள் பொட்டிக்குள் அறுநூறுக்கு ஒன்று குறைவாகக் கிடந்தது. எங்கள் பொட்டியை எண்ணாமல் யார் ஜெயித்தார் என்று சொல்ல முடியாது, வாக்குப்பதிவு முடியாமல் பொட்டியை எடுக்க முடியாது. மறுவாக்குப்பதிவு வைத்தால் என்ன என்று கேட்டார்கள். நடந்து முடிந்த வாக்குப்பதிவுக்குத்தான் மறுவாக்குப்பதிவு உண்டு, எங்களுடையது முடியவே இல்லையே. ஜீப்பில் வந்தவர்கள் கல்லைச் சுற்றி நின்று பார்த்துவிட்டு ஜீப்பில் போனார்கள்.

அரைக்கிணத்துப்பட்டிக்குத் தேர்தல் நாள் முடியவில்லை. முடியாததால் எங்களுக்கு மரியாதையும் முடியவில்லை. வக்கீல் வாரத்துக்கு ஒருமுறை வந்து எங்கள் கைக்குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சினார். தண்ணீர் லாரி தவறாமல் வந்தது. நின்றுபோன தார்ச்சாலை ஓடையைத் தாண்டி ஊருக்குள் வந்து எட்டிப் பார்த்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய காட்சி கொம்பையாதான். ஓட்டுக் கேட்டுக் கும்பிட்ட கை, தேர்தல் முடிகிற வரைக்கும் இறங்காது அல்லவா, அது அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. நெஞ்சுக்கு நேரே குவிந்த கை குவிந்தபடியே இருந்தது. சாப்பாடு ஊட்டிவிட ஓர் ஆள், குளிப்பாட்ட ஓர் ஆள். எதிரில் நாய் வந்தாலும் கும்பிட்டுக்கொண்டே போனார்.

இரண்டாம் வருடம் ஒரு நாள் அவர் காரை விட்டு இறங்கிக் கல்லுக்கு முன்னால் வந்து நின்றார். பேச்சிக்கனி தீப்பெட்டி ஆபீஸ் போகிற வழியில் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“குத்திரும்மா பேச்சிக்கனி” என்றார். “எனக்குக் குத்த வேண்டாம், அந்த வக்கீலுக்கே குத்து. நான் தோத்தாலும் பரவாயில்ல, கையை இறக்குனாப் போதும். மூக்கு அரிச்சாக்கூட அடுத்தவனக் கூப்பிட வேண்டியிருக்கு.”

“அண்ணாச்சி, நீங்க கட்டுன பள்ளிக்கூடம். நீங்களே இடிக்கச் சொல்லலாமா?”

அவர் கண் கலங்கிவிட்டது. துடைக்க முடியவில்லை.

“நெசமா ஒண்ணு கட்டித் தாங்க” என்றாள் பேச்சிக்கனி. “கல்லும் மண்ணுமா, வெயில்ல நின்னா நெழல் விழுகுத மாதிரி. அன்னைக்கே குத்துதேன்.”

நியாயமான பேச்சு, எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். உடனே அடிக்கல் நாட்டினார்கள். கட்டி முடித்தால் எம்.எல்.ஏ. என்று யார் பெயரைப் போடுவது என்று, ஜெயித்தாரா இல்லையா என்றே தெரியாத இருவருக்கும் தகராறு; ஆளுக்கொரு அடிக்கல், பிறகு சமாதானமாக ஓர் அடிக்கல், சமாதானம் முறிந்து இன்னோர் அடிக்கல். முள்ளுக்காட்டில் இப்போது ஆடுகளுக்கு ஐந்து கல்.

இப்படி நாலு வருடம் போயிற்று. தங்கமலர் அந்த ஓர் அறையில் சார் பக்கத்திலேயே உட்கார்ந்து எட்டு முடித்தாள், சட்டப்படி அதற்குமேல் நடுநிலைப் பள்ளியில் வகுப்பு இல்லை, சாருக்குச் சொல்லிக்கொடுக்காமல் இருக்கத் தெரியவில்லை, டவுனில் தனியாகப் பரீட்சை எழுதிப் பத்தும் பாஸ் செய்தாள், கணக்கில் தொண்ணூற்றாறு. டவுன் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது, ஹாஸ்டலும் கிடைத்தது. ஒரு திங்கட்கிழமை பஸ் ஏறிப் போனாள். கட்டை அடுக்கும் வேலை அவளை இனி எட்டிப்பிடிக்க முடியாது.

மறுநாள் பேச்சிக்கனி தலைக்குக் குளித்தாள். பீரோவில் மடித்து வைத்திருந்த புதுச் சேலையைக் கட்டினாள், பையிலிருந்து டோக்கனை எடுத்தாள், கல்லைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். ஊர் கூடிவிட்டது. போடாதே என்று சொல்ல எங்களுக்கு என்ன யோக்கியதை இருந்தது? நாங்கள் எல்லோரும் அன்றைக்குப் பொழுது சாயுமுன் குத்திவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றவர்கள். நாலு வருடமாக இவள் நின்றாள், எங்கள் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். என் பேரன் உள்ளே மூன்றாம் வகுப்பில் இருந்தான். எனக்கு அவள் காலில் விழ வேண்டும்போல இருந்தது, வெட்கத்தில் நின்ற இடத்திலேயே நின்றேன். கொம்பையாவுக்கு யாரோ போன் போட்டிருக்க வேண்டும், தூரத்தில் அவர் கார் தூசி கிளப்பிக்கொண்டு வருவது தெரிந்தது.

எட்டடி நடந்து அவள் உள்ளே போனாள். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். ஞானசிகாமணி சார் பதிவேட்டைத் திறந்து அவள் பெயருக்கு நேரே விரலை வைத்தார். மைப்புட்டியைத் திறக்க அவருக்கு வெகு நேரம் ஆயிற்று. அவர் ஊர் போய்ச் சேரலாம் என்பது அவருக்கு நினைவே வரவில்லை என்று பிற்பாடு அவர் மனைவி சொன்னார்.

பேச்சிக்கனி அட்டைத் தடுப்புக்குப் பின்னால் இருந்த பொட்டியை எட்டிப் பார்த்தாள். சீப்பும் தெரிந்தது, பக்கத்தில் நீலப் பொத்தானும் தெரிந்தது. நாலு வருடம் அடக்கி வைத்த ஆசை, அவள் முகத்தில் அப்படியே எழுதியிருந்தது. பிறகு திரும்பி முதல் பெஞ்சைப் பார்த்தாள். போன வாரம்தான் சேர்ந்தவர்கள், சிலேட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“சார், ஒண்ணாப்புல எத்தன பேரு?”

“ஒன்பது.”

“நாலுவழிச் சாலையத் தாண்டத் தெரியுமா இதுகளுக்கு?”

“ஆறு வயசும்மா” என்றார் சார்.

அவள் ஒன்பது தலையையும் ஒருதடவை எண்ணிப் பார்த்தாள். டோக்கனை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“எட்டாப்பு முடிக்க எட்டு வருசம் ஆகும்” என்றாள். “நீங்க பாடத்த நடத்துங்க சார், நான் வரிசையில நிக்கேன்.”

வெளியே வந்து, எட்டடி தள்ளி, எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல், அந்தப் புதுச் சேலையோடு வெயிலில் நின்றாள். கொம்பையா காரிலிருந்து இறங்கி அவளைக் கும்பிட்டார். உள்ளே சார் மைப்புட்டியை மூடிவிட்டு, ஓரெண்டு ரெண்டு என்று ஆரம்பித்தார்.